சோற்றை விட்டும் சர்க்கரை இறங்கவில்லையே?

"எனக்கு வயது 43. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.1 என்று வந்த நாளிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காலையில் ராகிக் கஞ்சி, மதியமும் ராத்திரியும் குருமாவோடு நாலு சப்பாத்தி. மாத்திரை எதுவும் இல்லை. இரண்டு மாதமாகியும் எடை அப்படியே இருக்கிறது, சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரையும் 160-க்குக் கீழே வரவில்லை. ஒரு வாய் ரசம் சாதத்துக்கு ஏங்கிப்போகிறேன். நான் செய்வது சரியா?"
- திண்டுக்கல் வாசகி

சகோதரி, முதலில் அந்த ரசம் சாதத்தைச் சாப்பிடுங்கள். இன்றைக்கே சாப்பிடலாம்.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், இங்கிருந்து பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் அரிசியை எடுத்துவிட்டு அதே இடத்தில் கோதுமையை வைத்திருக்கிறீர்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறக்குறைய 78 கிராம், கோதுமை மாவில் 65-லிருந்து 70 வரை. அவ்வளவுதான் வித்தியாசம், நாலு சப்பாத்தி போட்டால் அதுவும் போய்விடும். ராகி நல்லதுதான், ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். அதையே முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டி, மென்று சாப்பிடுங்கள்.

நம் வீடுகளில் காய்க்கு என்ன பெயர் என்று யோசித்துப் பாருங்கள். "தொட்டுக்க என்ன?" என்றுதான் கேட்கிறோம், தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், அதுவும் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்து மிச்சமிருந்தால்தான் சமைத்தவளுக்கு. இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். தட்டில் பாதி காய், அவரையோ புடலையோ கீரையோ எதுவானாலும் சரி, கால் பங்கு கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஒன்று, மீதிக் கால் பங்கில் சோறு. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், இதை ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பங்குப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள், தயவுசெய்து. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, வீணாகிவிடுமே என்று மிச்சச் சோற்றையோ சப்பாத்தியையோ நீங்கள் முடிக்கிற வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் எல்லோருக்கும் ஆகும்.

டீயைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்குமே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. நாட்டுச் சர்க்கரையானாலும் கணக்கு இதேதான். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த வேர்க்கடலை.

சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலாவது நடங்கள், ராத்திரி கட்டாயம். அடுத்த ஹெச்பிஏ1சி பரிசோதனையை இந்த மாற்றம் தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுங்கள், அது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கிற பரிசோதனை, அந்த அணுக்களின் ஆயுள் 120 நாள் அளவு என்பதால் அதற்கு முன் எடுத்தால் பழைய கணக்கும் கலந்து வரும். அந்த எண்ணை எனக்கும் எழுதுங்கள்.