யூரோவின் பெரும்தொகை வாசல்: டி2-இல் வங்கி எப்படி நுழைகிறது?

யூரோவில் வங்கிகளுக்கிடையே பெரும்தொகைகளைத் தீர்க்கும் ஐரோப்பிய மத்திய வங்கிகளின் அமைப்பு டி2. மும்பையில் தலைமையகம் உள்ள வங்கி அதில் நேரடியாகச் சேர முடியுமா?

மும்பையிலிருந்து முடியாது. ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பிற்குள் (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) கிளை வேண்டும். கிளை ஃபிராங்க்ஃபர்ட்டில் என்றால் விண்ணப்பம் ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்குக்குப் போகும். ஐரோப்பிய மத்திய வங்கிக்கு எழுதிப் பயனில்லை; ஒப்பந்தம் போடுவது அந்தந்த நாட்டு மத்திய வங்கிதான். ஸ்விஃப்ட் அல்லது நெக்ஸி-கோல்ட் என்ற வலையமைப்பு நிறுவனம் வழியாக இணைப்பு, ஒரு பிஐசி (வங்கியின் அடையாளக் குறியீடு), கணக்கு விவரப் படிவங்கள், சோதனைச் சூழலில் தேர்ச்சி, சட்டக் கருத்துரை ஆகியவை வேண்டும். இணைப்பையும் கருத்துரையையும் முதல் நாளே தொடங்குங்கள். மற்றவை இவற்றுக்காகக் காத்து நிற்கும்.

கிளைக்கு ஜெர்மன் உரிமம் இருக்கிறதே, இந்தியச் சட்டக் கருத்துரை எதற்கு?

கிளை தனிச் சட்ட நபர் அல்ல. வங்கி நொடித்தால் கலைப்பு நடப்பது தாய்நாட்டுச் சட்டப்படி. டி2-இல் தீர்வான கொடுப்பனவு இறுதியானது, பின்னால் ரத்தாகாது என்று ஐரோப்பாவின் 1998-ஆம் ஆண்டு தீர்வு இறுதித்தன்மை வழிகாட்டல் சொல்கிறது. அதை ஏற்காமல், கலைப்பாணை வந்த நாளின் நள்ளிரவு முதல் நடந்த எல்லாவற்றையும் செல்லாததாக்கும் விதி தாய்நாட்டில் இருந்தால்? காலையில் பணம் வாங்கிய வங்கி மாலையில் திருப்பித் தர வேண்டிவரும். அந்த அபாயம் உண்டா என்பதை வழக்கறிஞர் எழுதித் தருவதே நாட்டுச் சட்டக் கருத்துரை. கையெழுத்துப் போட வங்கிக்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பது தகுதிக் கருத்துரை. இரண்டும் வேறு.

இது வெறும் காகிதச் சடங்கு. ஐரோப்பிய வங்கிக்கு இந்தத் தொல்லை இல்லையே?

அங்கே மேற்சொன்ன வழிகாட்டல் ஏற்கெனவே சட்டமாகியிருக்கிறது, அதனால் நாட்டுச் சட்டக் கருத்துரை கேட்பதில்லை. பாகுபாடு என்று வாதிடலாம். நான் அதைப் பாகுபாடாகப் பார்க்கவில்லை.

கணக்கில் பணம் இருக்கிறது, கொடுப்பனவு வரிசையிலேயே நிற்கிறது. ஏன்?

எந்தக் கணக்கில்? முதன்மைப் பணக் கணக்கு வேறு, ஆர்டிஜிஎஸ் (உடனுக்குடன் ஒவ்வொன்றாகத் தீர்க்கும் முறை) பணக் கணக்கு வேறு. 2023 மார்ச் 20 அன்று பழைய டார்கெட்2 போய் டி2 வந்தபோது இவை பிரிந்தன. பகல்நேரக் கடன் வரம்பு முதன்மைக் கணக்கில்தான் நிற்கும். மற்ற வங்கிக்கு அனுப்புவது ஆர்டிஜிஎஸ் கணக்கிலிருந்து. நடுவே பணத்தை மாற்ற கேம்ட்.050 என்ற பணமாற்றச் செய்தி, அல்லது நிலையாணை (தானாகத் திரும்பத் திரும்ப நடக்கும் மாற்ற ஆணை), அல்லது தானியங்கி விதி வேண்டும். நிலையாணையைப் பதிய மறப்பதே வழக்கமான தவறு. பகல்நேரக் கடனை மாலைக்குள் அடைக்காவிட்டால் அது ஓரிரவுக் கடனாகிவிடும், வட்டியோடு.

குறைந்தபட்சத் தொகை? இந்திய ஆர்டிஜிஎஸ்-இல் இரண்டு லட்சம் ரூபாய்.

கிடையாது.

இந்தியாவைப் போல 24 மணி நேரமா?

இல்லை. வாடிக்கையாளர் கொடுப்பனவு மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 5 மணி வரை, வங்கிகளுக்கிடையே 6 மணி வரை. சனி, ஞாயிறு மூடல். ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26-உம் மூடல்.

சிறிய வங்கி. கணக்குத் திறக்காமல் வழி உண்டா?

நேரடிப் பங்கேற்பாளர் ஒருவரின் கணக்கின் கீழ் முகவரி பெற்ற பிஐசியாகச் சேரலாம். தீர்வு அவர் கணக்கில், கட்டுப்பாடும் அவர் கையில். மாதத்துக்குச் சில கொடுப்பனவுகள் என்றால் இதுவே போதும்.

பாரிஸில் இருக்கும் தம்பிக்கு 500 யூரோ அனுப்ப...

உங்கள் வங்கிக் கிளையைக் கேளுங்கள்.

பிரிட்டிஷ் வங்கி?

பிரெக்ஸிட்டுக்குப் பின் மும்பை வங்கிக்குச் சொன்னதே பொருந்தும். கிளை, கருத்துரை.

முதன்மைக் கணக்கில் பணம் இருந்தும் போகவில்லை...

நான்காவது பதில். நிலையாணையைப் பாருங்கள்.