பிஎச்.டி. இல்லாமல் ஆய்வு நிறுவனத்தில் என்ன வேலை? – கேள்வி பதில்

உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் செல் வளர்ப்பு ஆய்வகத்தை, அதாவது செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் இடத்தை, பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கும் குழுவிலும் அடிக்கடி என்னை உட்கார வைத்துவிடுவார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள், அது இடத்துக்கு இடம் மாறும்.

கேள்வி: உயிர்வேதியியலில் முதுகலை முடித்திருக்கிறேன். பிஎச்.டி. செய்யும் எண்ணம் இல்லை. உள்ளே வந்தால் கடைசிவரை குடுவை கழுவத்தான் விடுவார்களா?

பதில்: குடுவை கழுவுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். சோப்பு மிச்சம் ஒட்டியிருந்தாலே செல்கள் செத்துப்போகும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வெளியிலிருந்து பார்த்தால் விஞ்ஞானிகள் மட்டும்தான் தெரிவார்கள். மாதிரி வங்கியில் மைனஸ் 80 டிகிரியில் கிடக்கும் ரத்தத்துக்கும் திசுவுக்கும் கணக்கு வைக்க ஒருவர் வேண்டும். செல்களை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர், லேசர் ஒளியில் படம் எடுக்கும் கான்ஃபோக்கல் நுண்ணோக்கி எல்லாவற்றுக்கும் அதனதன் மனநிலை தெரிந்த ஆள் வேண்டும். மருந்துச் சோதனையில் சேரும் நோயாளியிடம் பொறுமையாக விளக்கி ஒப்புதல் வாங்குபவர், வந்த தரவைச் சரிபார்ப்பவர், உயிர்ப்பாதுகாப்பு அதிகாரி, காப்புரிமை பார்ப்பவர் என்று இன்னும் எத்தனையோ பேர். இதில் பல வேலைகளுக்கு பிஎச்.டி. கேட்பதில்லை.

செல் வளர்ப்பு தெரியும் என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் செல்களில் மைக்கோபிளாஸ்மா இல்லை என்று எப்படித் தெரியும்?" "மீடியம் (செல் வளரும் திரவம்) கலங்கவில்லையே" என்றால் முடிந்தது. அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, அதனால் பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியத்தையும் கலக்காது, தினமும் பார்க்கும் நுண்ணோக்கியில் கண்ணிலும் படாது. கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் செய்ய வேண்டும், அல்லது டிஎன்ஏ சாயம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இதைச் சரியாகச் சொன்ன ஒரு பட்டயப் படிப்புக்காரரை, இரண்டு முனைவர்களை விட்டுவிட்டு எடுத்திருக்கிறோம்.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஆய்வுக்குழு நடத்தும் ஆசை இருந்தால் பிஎச்.டி. இல்லாமல் பெரும்பாலும் நடக்காது. அப்புறம், எந்தக் குழுவில் சேர்ந்தாலும், அங்கிருந்து விலகிய ஒருவரிடமாவது பேசிவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: எலிகளைக் கொல்ல வேண்டியிருக்குமா? என்னால் முடியாது.

பதில்: விலங்குப் பிரிவில் சேர்ந்தால் ஆம். ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1959இல் சொன்ன மூன்று கொள்கைகள்தான் இன்றும் அடிப்படை: முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. ஆனாலும் கடைசியில் ஒரு கை அதைச் செய்தாக வேண்டும். முடியாது என்று நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். விலங்கைத் தொடாத பிரிவுகள் நிறைய இருக்கின்றன.

கேள்வி: நான் கணினிப் பொறியாளர். உயிரியல் பள்ளியோடு சரி.

பதில்: வாருங்கள், ஆள் தேவை. புள்ளியியலை மட்டும் அரைகுறையாக வைத்துக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: பிஎச்.டி. கட்டாயமா?

பதில்: முதல் பதிலில் சொல்லியாயிற்று.

கேள்வி: வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது.

பதில்: மோசடி. அனுப்பாதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடம் ஒரு ஆய்வுக்கான செல்களை நான்தான் வளர்த்தேன். முறையையும் நான்தான் மாற்றி அமைத்தேன். கட்டுரையில் என் பெயர் நன்றிப் பகுதியில் இருக்கிறது. இது நியாயமா?

பதில்: சொன்னபடி வளர்த்துக் கொடுத்ததோடு சரி என்றால் நன்றிப் பகுதி போதும். முறையை மாற்றி அமைத்தீர்கள் என்றால் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டியவர்.

குறுக்கே ஓர் ஆய்வுக்குழுத் தலைவர்: மேடம், சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களெல்லாம் ஆசிரியர் ஆக முடியாது. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது. ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி ஒப்புதல், முழுப் பொறுப்பு. நான்கும் வேண்டும்.

பதில்: சம்பளம் நீங்களும்தானே வாங்குகிறீர்கள் ஐயா? அதற்கு அடுத்த பத்தியையும் படியுங்கள். முதல் நிபந்தனைக்குத் தகுதியானவருக்கு எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கேற்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அங்கேயே இருக்கிறது. வரைவைக் கண்ணில் காட்டாமல் வைத்துக்கொண்டு, "நீ எழுதவில்லையே" என்றால் எப்படி?

தலைவர்: யோசனை ஒருவருடையது, கை இன்னொருவருடையது. யோசனைக்குத்தான் மதிப்பு.

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு மார்த் கோத்தியே நினைவுக்கு வருவார். டவுன் நோய்க்குறியில் குரோமோசோம் கோளாறு இருக்கலாம் என்ற யோசனை பேராசிரியர் துர்பானுடையது. ஆனால் பாரிஸில் அந்த மருத்துவமனையில் செல் வளர்ப்பைத் தொடங்கியவர் கோத்தியே. செல்களுக்கு ஊட்டமாகச் சீரம் தேவைப்பட்டபோது தன் ரத்தத்திலிருந்தே எடுத்தார். படம் பிடிக்கும் நுண்ணோக்கி அவரிடம் இல்லாததால் குரோமோசோம் தெரிந்த கண்ணாடித் தகடுகளை, துர்பானிடம் வேலை செய்த லெஜன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். டவுன் நோய்க்குறியில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது என்று 1959இல் கட்டுரை வந்தது. லெஜன் பெயர் முதலில், கோத்தியே பெயர் நடுவில், அதுவும் எழுத்துப்பிழையோடு. இத்தனைக்கும் அவர் டெக்னீஷியன்கூட இல்லை, மருத்துவர். அவர் பங்கு எவ்வளவு முக்கியம் என்று பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு எழுத 2014 ஆனது. வெறும் கை என்கிறீர்களே, அந்தக் கை இல்லாமல் எண்ணுவதற்குக் குரோமோசோம் எங்கிருந்து வந்திருக்கும்?

தலைவர்: ஒரு கதையை வைத்து விதி எழுத முடியாது. எல்லோரையும் சேர்த்தால் பட்டியல் ரயில் மாதிரி நீளும்.

பதில்: நீளட்டுமே. யார் என்ன செய்தார் என்று சொல்ல இப்போது 14 வகைப் பங்களிப்புகளைப் பிரித்துக் காட்டும் கிரெடிட் முறை இருக்கிறது. பல இதழ்கள் கேட்கின்றன.

இடையில் ஒரு டெக்னீஷியன்: எங்கள் குழுவில் ஆய்வகப் பக்கமே வராத தலைவரின் நண்பர் பெயர் வருகிறது. என் பெயர் வருவதில்லை.

தலைவர்: அதை நானும் ஆதரிக்கவில்லை.

பதில்: அது போதும் ஐயா, மிச்சத்தை நேரில் சண்டை போடுவோம். கேள்வி கேட்டவருக்கு: தேதி போட்டு ஆய்வக நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். அடுத்த முறை, வேலை தொடங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். இதனால்தான் விலகியவரிடம் பேசச் சொல்கிறேன். யார் பெயர் விடுபடும் என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்து ஆய்வக வேலையெல்லாம் போய்விடுமா?

பதில்: ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புரதத்தின் வடிவத்தைக் கணித்துவிடும். கணித்தது சரியா என்று பார்க்க ஒருவர் பிப்பெட்டை எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: மேடம், பிஎச்.டி. இல்லாமல் சேர முடியுமா?

பதில்: மேலே.

கேள்வி: குழந்தைகளுக்காக ஏழு வருடம் வேலையை விட்டிருந்தேன். முன்பு செல் வளர்ப்பில் இருந்தேன். இனி யார் எடுப்பார்கள்?

பதில்: செல்லை உறைய வைக்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாகக் குளிர்விக்க வேண்டும், உருக்கும்போது வேகமாக உருக்க வேண்டும் என்பது இன்னும் மாறவில்லை. கை மறந்திருக்காது. மாறியது மென்பொருளும் பதிவு முறையும்தான், நோட்டுக்குப் பதில் பல இடங்களில் மின்னணுப் பதிவேடு. முதலில் பொதுக் கருவிப் பிரிவு, மாதிரி வங்கி இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், அங்கே வேலை நேரம் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஏழு வருட இடைவெளியை விண்ணப்பத்தில் ஒளிக்காதீர்கள், ஒரு வரியில் எழுதிவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா கேள்விக்குப் பதில்தான் இப்போது தெரியுமே.