படகு கணக்கு எழுதுற பொண்ணுக்கு ஏ.ஐ. சீட் எதுக்கு?

நாகப்பட்டினத்துல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணாரு. விசைப்படகுல பாதி பங்கு அவரோடது, பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல மேத்ஸ் க்ரூப் எடுத்து ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. சென்னையில இருக்கிற மச்சான் ஒரு பிரைவேட் காலேஜ்ல மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏ.ஐ. சீட் பேசி வெச்சிட்டாராம், டொனேஷனுக்கு படகு பங்க வித்துடலாம்னு வீட்ல முடிவே ஆயிடுச்சாம், ஆனா இவருக்கு தூக்கம் வரல. பயப்படாதீங்கண்ணேனு ரெண்டு நிமிஷம் சொல்லிட்டு, பாப்பாவுக்கு எது பிடிக்கும்னு கேட்டேன். "அவளா? படகு கணக்கு பூரா அவதான், ஏழாவது படிக்கிறப்பலேர்ந்து எழுதுறா"ன்னாரு. அதோட எனக்கு ஆறுதல் சொல்ற மூடே போயிடுச்சு.

அண்ணே, நேராவே சொல்றேன். சம்பாதிச்சுக் கொடுக்கிற படகை வித்து, பாப்பா கேக்காத சீட்டை வாங்காதீங்க. மச்சான் நல்லவர்தான், ஆனா நாளைக்கு கடன் கட்டப்போறது அவர் இல்ல. இன்ஜினியரிங், நர்சிங், பேங்க் எக்ஸாம் பத்தியெல்லாம் சொல்ல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, அதனால அதை விட்டுடறேன். யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, கவர்மென்ட் பட்ஜெட், கணக்கு, ஆடிட் வேலை. அதுவும் உங்களுக்கு நல்லா தெரிஞ்ச ரெண்டு துறையோட கணக்கு, மீன்வளத்துறையும் கோஸ்ட் கார்டும், அதாவது கடலோரக் காவல்படையும்.

பாப்பா நோட்டுல என்ன எழுதுவா? டீசல், ஐஸ், ரேஷன், ஏலத்துல வந்த காசு, ஆளுங்க பங்கு. மீன்பிடி தடைக்காலத்துல இன்ஜின் வேலைக்கும் வலைக்கும் எவ்வளவு ஒதுக்கணும்னு முன்னாடியே பிரிச்சு வெப்பா இல்லையா, டெல்லியில நடக்கிறதும் அதேதான், சைஸ்தான் வேற. மீன்வளத்துக்கு வருஷா வருஷம் ஆகுற செலவு 2405னு நம்பர் போட்ட கணக்குத் தலைப்புல போகும், துறைமுகம் மாதிரி நின்னு நிலைக்கிற சொத்துக்கு 4405. கோஸ்ட் கார்டு பணம் இன்னும் வேடிக்கை, அது பாதுகாப்பு அமைச்சகத்துக்கு கீழ இருந்தாலும் அதோட வருஷச் செலவு 2037ல, அதாவது சுங்கத்துறை தலைப்புல வரும். 1978ல சட்டம் போட்டு அந்தப் படைய உருவாக்கினப்போ கடத்தல தடுக்கிறதுதான் பெரிய கவலை, ஆரம்பத்துல பணமும் வருவாய்த்துறையிலேர்ந்துதான் வந்துச்சு, அந்தப் பழைய ரூட்டு கணக்குல அப்படியே ஒட்டிக்கிச்சு. (இத கேட்டா பாப்பா சிரிப்பா, மச்சான் கொட்டாவி விடுவாரு. அதுதான் வித்தியாசம்.)

2025-26 பட்ஜெட்ல கோஸ்ட் கார்டுக்கு 9,676.70 கோடி. அதுல கப்பல், விமானம் மாதிரி சொத்து வாங்குற கேப்பிட்டல் செலவு மட்டும் 5,000 கோடி, முந்தின வருஷம் அது 3,500. கேக்க சந்தோஷமாத்தான் இருக்கு, ஆனா புது கப்பல் வந்தா எண்ணெய் வேணும், ஆள் வேணும், கரையேத்தி ரிப்பேர் பாக்குற டாக்கிங் வேணும், அதெல்லாம் ரெவன்யூ, அதாவது வருஷா வருஷம் ஆகுற செலவு. புது படகு வாங்கிட்டு டீசலுக்கு காசு இல்லாம ஜெட்டியில கட்டிப் போட்ட கதை உங்க ஊர்ல எத்தனை இருக்கு! அதை முன்கூட்டியே பாத்து சொல்றதுக்குத்தான் ஒரு ஆள் வேணும். கப்பல் கட்ட பல வருஷம் ஆகும், வேலை முடிய முடிய தவணையா பணம் போகும், யார்டுல வேலை தள்ளிப்போனா அந்த வருஷ ஒதுக்கீடு அப்படியே நிக்கும், மார்ச்ல கொட்டி செலவு பண்ணவும் முடியாது, ஏன்னா கடைசி மூணு மாசத்துல 33 சதவீதத்துக்கு மேலயும் மார்ச்ல மட்டும் 15 சதவீதத்துக்கு மேலயும் போகக் கூடாதுனு நிதி அமைச்சகம் கடிவாளம் போட்டிருக்கு.

மீன்வளத்துல சிக்கல் வேற மாதிரி. 2020ல வந்த பி.எம்.எம்.எஸ்.ஒய்.ங்கிற மத்திய அரசு மீன்வளத் திட்டத்துக்கு மொத்தம் 20,050 கோடினு அறிவிச்சாங்க, அதுல மத்திய அரசு 9,407, மாநிலங்கள் 4,880, மீதி 5,763 கோடி பயனாளியே போடணும், அதாவது உங்கள மாதிரி ஆளுங்க. கையில காசு இல்லாத மீனவர் வரலன்னா கவர்மென்ட் பங்கும் செலவாகாம நிக்கும். பேப்பர்ல இருக்கிற கோடிக்கும் கரையில வந்து சேர்ற காசுக்கும் நடுவுல இருக்கிற இந்த ஓட்டைய கடற்கரைப் பொண்ணு ஒருத்தி பாக்குற மாதிரி வேற யார் பாக்க முடியும்? தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயையே எடுத்துக்கோங்க, ஏப்ரல் 15ல தடை ஆரம்பிக்குது, ஏப்ரல் 1லதான் நிதியாண்டே பொறக்குது, ரெண்டு வாரத்துல யார் எந்த ஃபைல நகர்த்தணும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, எப்படி போறது. பி.காம். இல்லன்னா பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அரசு கலைக் கல்லூரியில. ஆறாவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா அவ அக்கவுண்டுக்கே வரும். டிகிரி முடிச்சதும் எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல்., அதாவது மத்திய அரசு வேலைக்கான பட்டதாரி தேர்வு, பொண்ணுங்களுக்கு அப்ளிகேஷன் ஃபீஸே கிடையாது. அதுல ஆடிட்டர், அக்கவுண்டன்ட் போஸ்ட் சம்பள லெவல் 5, அடிப்படை சம்பளம் 29,200ல ஆரம்பிக்கும். பாதுகாப்பு கணக்குத் துறை கிடைச்சா முப்படை கணக்கோட சேர்த்து கோஸ்ட் கார்டு கணக்கும் அங்கதான், சிவில் கணக்குத் துறைன்னா மீன்வளம் மாதிரி அமைச்சகங்களோட பில்லு, நாட்டோட தலைமைத் தணிக்கை அலுவலகமான சி.ஏ.ஜி.ன்னா மாநிலத் துறைகளோட ஆடிட். உள்ள போய் எஸ்.ஏ.எஸ்.ங்கிற துறைத் தேர்வு பாஸ் பண்ணா உதவி கணக்கு அதிகாரி, லெவல் 8, அடிப்படை 47,600.

மறைக்க மாட்டேன், போட்டி பயங்கரம். பரீட்சை இங்கிலீஷ்லயோ ஹிந்திலயோதான், தமிழ்ல கிடையாது, அதனால மூணு வருஷமும் இங்கிலீஷ்ல உழைக்கணும். கோஸ்ட் கார்டு ஃபைல்தான் வேணும்னு கேட்டு வாங்கவும் முடியாது, போஸ்டிங் வட இந்தியாவுலயும் விழலாம், அத வீட்ல இப்பவே பேசிக்கோங்க. கிடைக்கலன்னாலும் அதே பி.காம். வெச்சு டி.என்.பி.எஸ்.சி., சி.எம்.ஏ.ங்கிற காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பு ரெண்டும் திறந்தே இருக்கு, படகும் கையில இருக்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. சட்டசபையில வெக்கிற மீன்வளத்துறை மானியக் கோரிக்கை (துறை செலவுக்கு பணம் கேக்குற கோரிக்கை) எண் 7, அதோட கொள்கை விளக்கக் குறிப்பு தமிழ்லயே நெட்ல ஃப்ரீயா கிடைக்குது. பாப்பாகிட்ட கொடுத்து, அவ படிக்கிறாளா இல்ல மூடி வெக்கிறாளானு மட்டும் பாருங்க. மூடி வெச்சா நான் சொன்னது தப்பு, வேற பேசலாம். காலேஜ்காரங்க அட்வான்ஸ் கேட்டா பத்து பைசா கொடுக்காதீங்க. செவ்வாய்க்கிழமை அவளையே எனக்கு போன் பண்ண சொல்லுங்க, நீங்களோ மச்சானோ பக்கத்துல உக்காந்திருக்க வேணாம், அந்த படகு நோட்டு மட்டும் அவ கையில இருக்கட்டும்.