எம்.எஸ்சி.யா, நர்ஸ் பிராக்டிஷனரா, மிட்வைஃபரியா?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒன்றரை வருடமாக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். மேலே படிக்க வேண்டும். எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் "என்.பி.சி.சி. எடு" என்கிறார். எம்.எஸ்சி. முடித்துக் கல்லூரியில் டீச்சராகிவிட்டால் நைட் டியூட்டி இருக்காது என்பது அம்மாவின் கணக்கு. கூடப் படித்த தோழி மிட்வைஃபரி, அதாவது பிரசவம் பார்க்கும் படிப்பின் பக்கம் போகப் பார்க்கிறாள். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸுக்கு டாக்டர் அளவுக்குச் சம்பளம் என்று வீடியோக்கள் வேறு. எதை எடுப்பது?

பதில்: இந்த நான்கும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல. பாடம், பட்டம், கட்டணம் எல்லாம் அப்புறம். படித்து முடித்தவருக்கென்று ஒரு பதவி காத்திருக்கிறதா என்பதில்தான் இவை பெரிதாக வேறுபடுகின்றன. நம் நாட்டில் நர்சிங் மேற்படிப்புகள் முன்னால் வந்துவிட்டன, பதவிகள் இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கின்றன. "இது நல்ல படிப்பா" என்று சீனியர்களிடம் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "இதை முடித்தவரை எந்தப் பதவிப் பெயரில், என்ன சம்பளத்தில் எடுத்தார்கள்" என்று கேளுங்கள். அங்கேதான் பதில்கள் பிரியும்.

முதலில் உங்கள் இன்சார்ஜ் சொன்ன என்.பி.சி.சி., அதாவது தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டு ஆண்டு முதுநிலை ரெசிடென்சி இது. வகுப்பறை குறைவு, ஐ.சி.யூ. நேரம்தான் அதிகம். தீவிர சிகிச்சைக்கான நோயியல், மருந்தியல், உடல் பரிசோதனை ஆகிய மூன்றையும் பி.எஸ்சி.யில் தொட்டுவிட்டுப் போன ஆழத்தைத் தாண்டி உள்ளே கொண்டுபோவார்கள். ஏ.பி.ஜி. (ரத்த வாயு பரிசோதனை) ரிப்போர்ட்டை டாக்டரிடம் படித்துக் காட்டுவதோடு நிற்காமல், அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யலாம் என்று நீங்கள் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை எப்போது, எப்படி விடுவிப்பது என்கிற பேச்சில் உங்களுக்கும் குரல் இருக்கும். பெட்சைடு வேலையை விட்டுப் போகாமல் மேலே போக விரும்புகிறவருக்கு, பாடத்திட்டமாகப் பார்த்தால், நம் நாட்டில் இருப்பதில் இதுதான் சிறந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் படிப்பு முடிந்த மறுநாள் என்ன? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) ஆள் எடுப்பது செவிலியர் பணிக்கு. நர்ஸ் பிராக்டிஷனர் என்று தனிப் பணிநிலை அங்கே இல்லை. எய்ம்ஸுக்கு நார்செட் என்கிற நர்சிங் தேர்வு எழுதிப் போனாலும் நர்சிங் ஆபீசர் பதவிதான், ஏழாவது சம்பள நிலை, அடிப்படை 44,900 ரூபாய். அதற்கு பி.எஸ்சி.யே போதும். நீங்கள் என்.பி.சி.சி. முடித்துப் போனாலும், பக்கத்தில் பி.எஸ்சி.யோடு சேருகிறவருக்கும் உங்களுக்கும் தொடக்கச் சம்பளம் ஒன்றுதான்.

மருந்து எழுதும் அதிகாரமும் சட்டப்படி மருத்துவரிடமே இருக்கிறது. மருத்துவமனை எழுத்தில் வகுத்து வைத்த நெறிமுறைக்கும் நிலையான ஆணைகளுக்கும் உட்பட்டுத்தான் நீங்கள் முடிவெடுக்க முடியும். ஆக, உங்கள் அதிகாரம் எவ்வளவு என்பதை உங்கள் பட்டம் சொல்லாது. நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனை சொல்லும். தீவிர சிகிச்சை நிபுணர் முழுநேரமாக இருந்து நடத்தும் பெரிய ஐ.சி.யூ. என்றால் உங்களைப் பயன்படுத்தத் தெரியும். இல்லையென்றால் இரண்டு வருடம் படித்துவிட்டு அதே இன்ஃப்யூஷன் பம்பை அதே சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைக் கேட்டதும் அந்தப் படிப்பையே ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவிலும் கதை இப்படித்தான் தொடங்கியது. 1965-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்கிற நர்ஸும் ஹென்றி சில்வர் என்கிற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியை ஆரம்பித்தார்கள். சட்டம் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் பின்னால் வந்தது. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இன்றைக்கும் மருத்துவர் அந்த அதிகாரத்தை ஒப்படைக்காமல் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருந்து எழுத முடியாது. இங்கே 1947-ம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. பதவிகள் வரலாம். வரும்போது முன்னதாகப் படித்து வைத்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அந்தக் காத்திருப்பை உங்கள் வீட்டுக் கணக்கு தாங்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கல்விக் கடன் பாக்கி இருந்தால் நான் அவசரப்பட மாட்டேன்.

அம்மா சொல்லும் எம்.எஸ்சி.க்கு வருவோம். இதுவும் இரண்டு ஆண்டு. பி.எஸ்சி.யில் 55 சதவீதமும், அதற்குப் பிறகு குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவமும் கேட்பார்கள். அனுபவம் உங்களிடம் இருக்கிறது. மெடிக்கல் சர்ஜிக்கல், குழந்தைகள் நலம், மகப்பேறு, சமூக நலம், மனநலம் என்று ஐந்து பிரிவுகள். மெடிக்கல் சர்ஜிக்கலுக்குள் கிரிட்டிக்கல் கேர், இதயம், புற்றுநோய், நரம்பியல் என்று உட்பிரிவுகளும் உண்டு. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்க இதுதான் நேரான வழி. தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்லூரிகள் அதிகம் என்பதால் எம்.எஸ்சி. முடித்தவர்களும் அதிகம். சிறிய தனியார் கல்லூரிகளில் டியூட்டர் சம்பளம், நல்ல மருத்துவமனையின் ஸ்டாஃப் நர்ஸ் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பதைப் பார்க்கிறேன். நைட் டியூட்டி இருக்காது என்பது நிஜம். அதற்குப் பதிலாக மாணவிகளோடு வார்டு போஸ்டிங், இன்ஸ்பெக்ஷன் ஃபைல்கள், அட்மிஷன் நேரத்து ஓட்டம் எல்லாம் இருக்கும் என்பதையும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று: எம்.எஸ்சி. என்றாலே டீச்சர் வேலை என்று நினைக்க வேண்டாம். கிரிட்டிக்கல் கேர் உட்பிரிவில் முடித்தவர்களைப் பெரிய மருத்துவமனைகள் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டராகவும் நர்ஸிங் சூபர்வைசராகவும் எடுக்கின்றன. கற்பித்தல், நிர்வாகம், பெட்சைடு என்று மூன்று பக்கமும் திரும்ப முடிகிற பட்டம் இது. என்.பி.சி.சி. அளவுக்குக் கைவேலை ஆழம் இதில் கிடைக்காது.

மிட்வைஃபரி விஷயத்தில் உங்கள் தோழி குருட்டாம்போக்கில் போகவில்லை. மத்திய அரசு 2018 டிசம்பரில் மிட்வைஃபரி சேவைக்கான வழிகாட்டியை வெளியிட்டது. பதிவு பெற்ற நர்ஸுக்கு 18 மாதப் பயிற்சி, அப்புறம் மிட்வைஃப்களே முன்னின்று நடத்தும் பிரசவப் பிரிவுகளில் பணி என்பது திட்டம். சிக்கல் இல்லாத பிரசவத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை அவர்களே பார்ப்பார்கள், சிக்கல் என்றால் மருத்துவரிடம் அனுப்புவார்கள். தெலங்கானா இந்த வழிகாட்டி வரும் முன்பே ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையோடு சேர்ந்து பயிற்சியைத் தொடங்கிவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு அறுபது பிரசவம் சிசேரியனாக இருந்த மாநிலம் அது. தமிழ்நாட்டுக்கு அதே கணக்கெடுப்பு சொன்னது 44.9 சதவீதம். தேவை இங்கேயும் இருக்கிறது என்பதற்கு இந்த எண்ணே போதும். தனியார் பிரசவ மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு இடம் கிடைப்பது ஏன் கஷ்டம் என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. நான் படித்தவரையில் மேம்பட்ட நர்சிங் பாதைகளில் அரசே பதவியோடு சேர்த்து யோசித்த ஒன்று இது. ஆனால் லேபர் ரூம் உங்களுக்குப் பிடிக்குமா? நீங்கள் எழுதிய கேள்வியில் மிட்வைஃபரி தோழியின் பெயரில்தான் வந்தது, உங்கள் ஆசையாக வரவில்லை. பிரசவம் பார்ப்பது ஐ.சி.யூ. வேலைக்கு நேர் எதிரானது. அங்கே கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவுக்கு வருவோம். மயக்க மருந்து நர்ஸின் சம்பளம் பற்றிக் கேள்விப்பட்டது பொய் இல்லை. அங்கே ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சராசரியாக வாங்குகிறார்கள். வீடியோவில் சொல்லாமல் விடுவது பாதைதான். முதலில் என்கிளெக்ஸ் என்கிற நர்ஸ் உரிமத் தேர்வு எழுதி (சென்னையிலேயே எழுதலாம்) அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேண்டும். அப்புறம் குறைந்தது ஓராண்டு தீவிர சிகிச்சை அனுபவம். அதற்குப் பிறகு மூன்று ஆண்டு முனைவர் நிலைப் படிப்பு. 2022-லிருந்து சேருகிறவர்களுக்கு முனைவர் பட்டம் கட்டாயம். படிக்கும் காலத்தில் வேலை பார்ப்பது அநேகமாக முடியாது, கட்டணமும் மலைக்க வைக்கும். இதற்கெல்லாம் முன்னால், இந்தியர்களுக்கான வேலைவாய்ப்பு கிரீன் கார்டு வரிசை பத்தாண்டுக்கு மேல் நீண்டு கிடக்கிறது. முக்கியமான ஒன்று: இங்கே எம்.எஸ்சி.யோ என்.பி.சி.சி.யோ முடித்துவிட்டுப் போனால் அங்கே நேராக நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிட முடியாது. அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை மறுபடி படித்தாக வேண்டும்.

பிரிட்டனும் ஏறக்குறைய அப்படித்தான். இங்கே எம்.எஸ்சி. முடித்தவரும் அங்கே பெரும்பாலும் பேண்ட் 5 என்கிற தொடக்கநிலை நர்ஸாகத்தான் சேருகிறார். ஆனால் மேலே போகும் ஏணி அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பதிவு பெற்று ஓராண்டுக்குப் பிறகு மருந்து எழுதும் தகுதிக்கான வி300 படிப்பில் சேரலாம். 2006-லிருந்து அந்தத் தகுதி பெற்ற நர்ஸ்கள் கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் தங்கள் பொறுப்பிலேயே எழுதுகிறார்கள். பயிற்சி இடம் கிடைத்தால் அட்வான்ஸ்டு கிளினிக்கல் பிராக்டிஷனர் ஆகலாம், அது முதுநிலைப் படிப்போடு சேர்ந்தது. ஆகவே வெளிநாடு நிச்சயம் என்று முடிவு செய்திருந்தால் இங்கே இரண்டு வருடத்தையும் பணத்தையும் மேற்படிப்பில் போடாதீர்கள். நல்ல ஐ.சி.யூ. அனுபவமும் ஐ.ஈ.எல்.டி.எஸ். அல்லது ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணும்தான் உங்களை அங்கே கொண்டுசேர்க்கும்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் உண்டு. ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிக்கல் கேர், எமர்ஜென்சி, புற்றுநோய், பச்சிளம் குழந்தை என்று பல பிரிவுகளில் இருக்கிறது. கௌரவம் குறைவு என்று நினைத்து இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பெட்சைடு திறனை ஒரே வருடத்தில் ஏற்றிவிடும். இதற்கும் பட்டத்துக்கும் சம்பந்தமில்லாமல் வளர்கிற வேலைகளும் இருக்கின்றன: தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ் இல்லாமல் மருத்துவமனைக்கு என்.ஏ.பி.எச். தர அங்கீகாரம் கிடைப்பது கடினம். உறுப்பு மாற்று செய்யும் மருத்துவமனைக்கு ஒருங்கிணைப்பாளர் கட்டாயம், அந்த வேலைக்கு நர்ஸ்கள் தகுதியானவர்கள் என்று 2014 விதிகளே சொல்கின்றன. பதவி முதலில், படிப்பு பிறகு என்கிற வரிசையில் அமைந்தவை இவை.

சரி, உங்களுக்கு நான் என்ன சொல்வேன்? இந்த வருடம் எதிலும் சேராதீர்கள். ஒன்றரை வருடத்தில் ஐ.சி.யூ. பயம் இப்போதுதான் விலகியிருக்கும். அடுத்த ஆறேழு மாதம் உங்களையே கவனியுங்கள். ரவுண்ட்ஸில் நார்அட்ரினலின் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) அளவை மாற்றச் சொல்லும்போது "ஏன்" என்று கேட்க நாக்கு துடிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் இடம் பெட்சைடு. தீவிர சிகிச்சை நிபுணர் இருக்கிற பெரிய மருத்துவமனையின் என்.பி.சி.சி.க்கு முயலுங்கள். அது கிடைக்காவிட்டால் கிரிட்டிக்கல் கேரில் எம்.எஸ்சி. எடுங்கள், சிறிய இடத்தில் என்.பி.சி.சி. வேண்டாம். புதிதாக வந்த ஜூனியருக்கு சென்ட்ரல் லைன் டிரெஸ்ஸிங் சொல்லிக்கொடுக்கும்போது நேரம் போவதே தெரியவில்லை என்றால் அம்மா சொல்வது சரி. நைட் டியூட்டி மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்கு எந்தப் படிப்பும் மருந்தில்லை, வேறு பிரிவுக்கு மாற்றல் கேளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பிராஸ்பெக்டஸை நம்பாதீர்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதன் ஐ.சி.யூ.வில் எத்தனை படுக்கை, ரெசிடென்சி காலத்தில் உதவித்தொகை எவ்வளவு, அல்லது இலவசமாக டியூட்டி பார்க்க வைப்பார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். முந்தைய பேட்ச்சில் இரண்டு பேரின் நம்பரை வாங்கி, இப்போது எங்கே, எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எண் தர மறுத்தால் அதுவே பதில். படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய மறக்காதீர்கள், பலர் மறந்துவிட்டு வேலைக்குச் சேரும் நேரத்தில் அலைகிறார்கள்.

இப்போதைய மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது அனுபவச் சான்றிதழில் "ஸ்டாஃப் நர்ஸ்" என்று மட்டும் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த ஐ.சி.யூ., மருத்துவமனையில் மொத்தம் எத்தனை படுக்கை என்று எழுதி வாங்குங்கள். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் இன்றைக்கே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் போனாலும் முதல் நாள் அதைத்தான் கேட்பார்கள்.