மூச்சு நோய்க்காரருக்குக் கழுத்தில் எதற்கு ஸ்கேன்?

நாள்பட்ட மூச்சு நோயுள்ளவர்களின் தமனிகளை ஸ்கேனில் பார்ப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, அந்த ஸ்கேன் எடுக்கும் மருத்துவரின் பதில்கள்.

டாக்டர், அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். நுரையீரல் டாக்டர் கழுத்தில் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார். என்ன சம்பந்தம்?

சிகரெட் புகை நுரையீரலோடு நிற்பதில்லை, இரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது. சிஓபிடியில் உடல் முழுக்க ஒரு மெல்லிய அழற்சி வேறு ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மாரடைப்பும் பக்கவாதமும் இவர்களுக்குக் கூடுதல். இதயத் தமனியை வெளியிலிருந்து அல்ட்ராசவுண்டில் சரியாகப் பார்க்க முடியாது. கழுத்துத் தமனியான கேரோட்டிட் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுவதால் அது சுலபம்.

ரிப்போர்ட்டில் 'ஐஎம்டி 0.9 மி.மீ.' என்று இருக்கிறது. அடைப்பா?

இல்லை. அது தமனிச் சுவரின் உள் அடுக்குகளின் தடிமன், வயதோடு தானே கூடும். 1.5 மி.மீ. தாண்டினாலோ, ஓரிடம் மட்டும் உள்நோக்கிப் புடைத்திருந்தாலோதான் அதைப் படிவு (சுவரில் கொழுப்பு சேர்ந்த திட்டு) என்போம். ஐஎம்டியை எல்லோருக்கும் வழக்கமாக அளக்க வேண்டாம் என்று 2013-லேயே அமெரிக்க இதயநோய் வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. 'படிவு உண்டா' என்ற வரியைப் படியுங்கள், அது போதும்.

அவரால் மல்லாந்து படுக்கவே முடியாதே?

படுக்க வேண்டாம். தலைப்பக்கத்தை உயர்த்தி, சாய்ந்த நிலையிலேயே எடுக்கலாம். மூச்சிரைக்கும்போது கழுத்துத் தசைகள் இழுத்துப் படம் ஆடும், கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குக் கால் வலியே இல்லை. பிறகு ஏன் காலிலும் பார்க்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கால் தமனியில் அடைப்பிருந்தால் நடக்கும்போது கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். ஆனால் நீங்கள் அந்த வலி வரும் தூரம் வரை நடக்கிறீர்களா? மூச்சு அதற்கு முன்பே உங்களை நிறுத்திவிடுகிறது. வலி இல்லை என்பதை இங்கே நம்ப முடியாது. இன்ஹேலரும் நடைப்பயிற்சியும் பலன் கொடுத்த பிறகு 'இப்போதுதான் கால் வலிக்கிறது, மருந்தாலா?' என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து பாவம்! முன்பைவிட அதிகம் நடக்கிறார்கள், ஒளிந்திருந்த அடைப்பு வெளியே வருகிறது.

முதலில் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்போம். 0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு. 1.40-க்கு மேல் போனால் சந்தோஷப்பட வேண்டாம். சுண்ணாம்பு படிந்து குழாய் அமுங்க மறுக்கிறது, அந்த எண்ணால் பயனில்லை. அப்போது டாப்ளர் அலையைப் பார்ப்போம். நல்ல கால் தமனியில் அது மேலே எழும்பி, கீழே இறங்கி, மறுபடி லேசாக எழும்பும். பெரிய அடைப்பைத் தாண்டினால் ஒரே மேடாக, சோம்பலாகத் தெரியும்.

அப்படியே வயிற்றையும் பார்க்கச் சொல்லலாமா?

65 வயது தாண்டிய, புகைத்த ஆண் என்றால் கேளுங்கள். பெருந்தமனி வயிற்றில் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகன்றிருந்தால் வீக்கம் என்று கணக்கு. வெறும் வயிற்றோடு போனால் வாயு குறைவாக இருக்கும், படம் தெளிவாக வரும்.