காலை மாத்திரை பிடிக்கிறது, மதிய மாத்திரை ஏன் பிடிப்பதில்லை?

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை எடுத்துக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் போடுகிற மாத்திரையில் நன்றாக நடக்கிறார். மதியம் வெறும் வயிற்றில் கூடாதே என்று சாப்பிட்ட உடனே கொடுக்கிறோம். அது மட்டும் பிடிப்பதில்லை. சில நாள் மாலை வரை நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நடுவில் குமட்டல் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையைக் கொடுத்தோம், நடுக்கம் கூடிவிட்டது. மூளையில் டோபமின் குறைவு என்கிறார்களே, அதையே ஊசியாகப் போடக்கூடாதா? (வாசகி, அல்சூர், பெங்களூரு)

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் எளிது.

டோபமின் என்பது நம் அசைவுகளை நடத்த மூளை பயன்படுத்தும் ஒரு ரசாயனம். அது ஊசியாகவும் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்துபோனவர்களுக்கு அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும் உங்கள் மாமனாரின் நடைக்கு அது உதவாது, ஏனென்றால் ரத்தத்தில் இருக்கும் டோபமின் மூளைக்குள் நுழைவதில்லை. உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. மூளையில் அந்தச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுக்கித் தைத்தது போல ஒட்டியிருக்கும். இதைத்தான் ரத்த-மூளைத் தடை என்கிறோம். 1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தபோது மற்ற உறுப்புகளெல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் மாறவில்லை. மூளைக்குச் சாயம் பிடிக்காது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். 1913-இல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் அதே மாதிரி ஒரு சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்தினார். மூளை நிறம் ஏறியது, உடம்பு அப்படியே இருந்தது. நடுவில் ஏதோ ஒரு சுவர் இருக்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது.

அந்தச் சுவரில் வாசல்களும் உண்டு. மூளைக்குச் சர்க்கரை வேண்டும், புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். லெவோடோபாவும் ஓர் அமினோ அமிலம்தான், அதனால் உணவுக்கான வாசல் வழியே உள்ளே போய்விடுகிறது. போன பிறகு மூளை அதை டோபமினாக மாற்றிக்கொள்கிறது. 1967-இல் ஜார்ஜ் கோட்சியாஸ் இதை அதிக அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துக் காட்டிய பிறகுதான் பார்க்கின்சன் சிகிச்சையே மாறியது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: பெரும்பகுதி மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் டோபமினாக மாறி வீணாகும். கார்பிடோபா அதைத் தடுக்கிறது. கார்பிடோபா தடையைத் தாண்டாது என்பதால் மூளைக்குள் நடக்கவேண்டிய மாற்றத்தில் அது தலையிடுவதில்லை.

இப்போது உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருவோம். சாம்பார், பொரியல், கடைசியில் தயிர் சாதம், ஞாயிற்றுக்கிழமை மீனோ கோழியோ. எல்லாவற்றிலும் புரதம். அது செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன, முதலில் குடலில், அப்புறம் மூளையின் சுவரில். வயிறு நிறைந்திருந்தால் மாத்திரை குடலுக்கு இறங்குவதே தாமதமாகும். ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், வாசல் கூட்டமாக இருந்த நேரத்தில் வந்த மாத்திரை பாதி பயனில்லாமல் கழிந்துபோகிறது. நோயின் ஆரம்ப வருடங்களில் இது பெரிதாகத் தெரியாது. ஆறு வருடம் ஆனவருக்குத் தெரியும்.

ஆகவே மதிய மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுத்துப் பாருங்கள். பாலோடு வேண்டாம். முன்பு கொடுக்க மறந்துவிட்டால், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிற்றில் புரட்டினால் ஒரு வாழைப்பழமோ இரண்டு ரஸ்க்கோ போதும். "வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது" என்பது வலி மாத்திரைகளுக்காக நம் வீடுகளில் பதிந்த பழக்கம். இந்த மாத்திரைக்கு அது பொருந்தாது.

இதைக் கேட்டுப் புரதத்தையே நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்த வயதில் தசை கரைந்தால் திரும்பச் சேர்ப்பது கடினம், விழுவதும் கூடும். பகலில் ரசம் சாதம், காய் என்று லேசாக வைத்து, பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாவற்றையும் இரவுக்கு நகர்த்தினாலே போதும். இரும்புச்சத்து மாத்திரை எடுத்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்காலி விதைப் பொடியில் இருப்பதும் லெவோடோபாதான், மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்தால் அளவு தெரியாமல் கூடிவிடும்.

குமட்டல் விஷயம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. வாந்தியைத் தூண்டும் இடம் மூளையிலேயே இருந்தாலும் தடைக்கு வெளியே இருக்கிறது. ரத்தத்தில் உள்ள டோபமின் அதைத் தொட்டுவிடும். மெட்டோகுளோபிரமைடு என்ற குமட்டல் மாத்திரை அந்த இடத்தில் டோபமினைத் தடுத்துக் குமட்டலை நிறுத்தும், ஆனால் தடையையும் தாண்டி உள்ளே போய் அங்கேயும் டோபமினைத் தடுக்கும். உங்கள் மாமனாருக்கு நடுக்கம் கூடியது இதனாலாக இருக்கலாம். அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். டாம்பெரிடோன் அதே வேலையைச் செய்தாலும் தடையைப் பெரும்பாலும் தாண்டாது, அதனால் பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அதைத்தான் எழுதுவார்கள். இதயத் துடிப்பில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்பதால் அதையும் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். தலைசுற்றலுக்குச் சர்வசாதாரணமாகத் தரப்படும் சின்னரிசின், ஃபுளூனரிசின், புரோகுளோர்பெரசின் மூன்றும் நடுக்கத்தையும் விறைப்பையும் கூட்டுபவை. இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை நிமான்ஸோ (பெங்களூரின் நரம்பியல், மனநல மருத்துவமனை) வேறு மருத்துவமனையோ போகும் முன் பத்து நாளுக்கு ஒரு குறிப்பு வைத்திருங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது எழுந்து நடந்தார், எப்போது நின்றுபோனது. நேரத்தை மாற்றியும் மதியம் பிடிக்கவில்லை என்றால் அளவையோ இடைவெளியையோ மாற்ற அந்தத் தாள்தான் மருத்துவருக்கு உதவும். அதுவரை "பிடிக்கவில்லையே" என்று ஒருவேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.