ஒட்டின மாங்கொப்பு ஏன் கறுத்துப் போகுது?

கேள்வி: எங்கட வளவுக்குள்ள பழைய கறுத்தக்கொழும்பான் மரம் ஒண்டு நிக்குது. அதுல கொப்பு வெட்டி, ஆடி மாசம் மூண்டு கண்டுல ஒட்டினன், வீடியோ பாத்துத்தான் செஞ்சன். ஒரு கிழமைக்குள்ள மூண்டும் கறுத்துப் போயிட்டு. எனக்குக் கைராசி இல்லையோ?
- ஒரு வாசகி, ஆரையம்பதி

பதில்: கைராசியெல்லாம் இல்ல தங்கச்சி, ஆடி எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்களே. கச்சான் காத்துக்கு நம்மளே வாடுறம், வேரில்லாத கொப்புத்துண்டு என்ன செய்யும்? பெருமழை விட்டு வெயில் ஏறமுதல் ஒட்டிப் பாருங்க, பூத்த கொப்பை மட்டும் எடுக்காதீங்க.

மற்றது, கொப்பை வெட்டின கையோட ஒட்டியிருப்பீங்க எண்டு நினைக்கிறன், எல்லாரும் விடுற பிழை அதுதான். பென்சில் மொத்தத்துல ஒரு கொப்பைப் பாத்து வெச்சி, மரத்துல நிக்கவே 7 - 10 நாளைக்கு முந்தி இலையை மட்டும் வெட்டிருங்க, காம்பு நிக்கட்டும், மறுகா அந்தக் காம்பு தானா விழும், நுனிமொட்டு பொம்மிக்கொண்டு வரும், அப்பதான் கொப்பை வெட்டணும். கண்டும் அதே மொத்தம் எண்டா நல்லம். இல்லாட்டி ஒரு பக்கத் தோலாவது தோலோட நேரா பொருந்தணும், உயிர் அந்தத் தோலுக்குக் கீழதான் ஓடுது. கொப்புட அடியை 3 செ.மீ. அளவுல ஆப்பு மாதிரி சீவுங்க, புது பிளேட்டால, வெட்டின இடத்துல விரல் படாம, நுனி வெட்டிப் பிளந்த கண்டுக்குள்ள செருகுங்க. பொலித்தீனால இறுக்கிச் சுத்தி, மேல ஐஸ்பக்கற் பையைக் கவிழ்த்துக் கட்டி நிழல்ல வெச்சிருங்க. 3 - 4 கிழமையில துளிர் வரும், வந்தாப் பையைக் கழட்டுங்க. தினம் தினம் அவிழ்த்துப் பாக்கிற வேலை வேணாம்! ஒட்டுக்குக் கீழ வாற துளிரை உடனே கிள்ளிருங்க, அது கொட்டைக்கண்டுட துளிர்.

கேள்வி: கஜு மரத்துல மாங்கொப்பை ஒட்டலாமா? ரெண்டும் ஒரே குடும்பமாம், மகன் சொல்றான்.
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மகன் சொன்னது சரிதான், ஆனா தூரத்துச் சொந்தம், ஒட்டாது. கிட்டத்துச் சொந்தம் வேணுமெண்டா சப்போட்டாவும் நம்மட காட்டுப் பாலையும். பாலைக் கண்டுல சப்போட்டா நல்லாப் பிடிக்கும். என்ன, பாலை மெல்லத்தான் வளரும், பென்சில் மொத்தம் வரக் காத்திருக்கணும். அதுக்காகக் காட்டுல கண்டு பிடுங்கப் போகாதீங்க, பாலைப்பழம் விக்கிற காலத்துல வாங்கித் திண்டுபோட்டு கொட்டையைப் போடுங்க.